லினக்ஸ் ஒலி டிரைவரில் செல்லாத பாயின்டர் கிராஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்சா (லினக்ஸின் ஒலி அமைப்பு), ஏசாக் (போர்டு போன்ற உட்பொதி சாதனங்களுக்கான அதன் பகுதி) டிரைவர்களில் வேலை செய்கிறவர்களுக்கான பக்கம் இது. சி மொழியும் கர்னல் மாட்யூல் கட்டுவதும் தெரிந்திருக்க வேண்டும். ஒலி டிரைவரில் பாயின்டரால் விழும் கிராஷ்களில் பெரும்பாலானவை "நல் (எதையும் சுட்டாத பாயின்டர்) இருக்கிறதா என்று பார்க்க மறந்தது" அல்ல. ஒரு பொருள் எப்போது பிறக்கிறது, எப்போது சாகிறது, அதற்குப் பிறகும் அதை யார் தொடக்கூடும் என்பதை முடிவு செய்யாமல் விட்டதுதான். கீழே உள்ள பதில்கள் அந்தக் கோணத்தில்தான் போகின்றன.

ஊப்ஸ் (கர்னல் கிராஷாகும்போது லாகில் எழுதும்) செய்தியில் உள்ள முகவரியை வைத்தே காரணத்தைச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

முகவரி மிகச் சிறியதாக இருந்தால் (ஹெக்ஸில் 18, 40, 2டி0 போல) நல் பாயின்டரின் வழியாக ஒரு ஸ்ட்ரக்டின் உறுப்பைப் படித்திருக்கிறீர்கள். ஹெக்ஸ் 18 என்றால் தொடக்கத்திலிருந்து 24ஆம் பைட்டில் உள்ள உறுப்பு. பாஹோல் கருவியில் அந்த ஸ்ட்ரக்டை விரித்துப் பார்த்தால் உறுப்பின் பெயரே கிடைக்கும்.

முகவரி முழுக்க எஃப் ஆகி, கடைசியில் மட்டும் மாறினால் அது பிழைப் பாயின்டர். கர்னல் தன் முகவரி வெளியின் கடைசி 4095 எண்களைப் பிழைக் குறியீடுகளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. எஃப்எஃப்4 என முடிந்தால் -12, நினைவகம் இல்லை. எஃப்இடி என்றால் -19, சாதனம் இல்லை. டிஎஃப்பி என முடிந்தால் -517, அதாவது "இன்னும் தயாராகவில்லை, பிறகு வா" என்ற புரோப் (டிரைவர் தன் சாதனத்தைத் தொடங்கும் செயற்கூறு) ஒத்திவைப்பு. ஏசாக் போர்டுகளில் கோடெக் (ஒலியை மாற்றும் சிப்), கிளாக், ரெகுலேட்டர் (மின்வழங்கி) எல்லாம் வெவ்வேறு நேரத்தில் எழுவதால் இந்த மூன்றாவது அடிக்கடி கண்ணில் படும்.

6பி 6பி 6பி என்று பைட்டுகள் வரிசையாக வந்தால், ஸ்லப் டீபக் (நினைவகப் பிழை பிடிக்கும் கர்னல் வசதி) நஞ்சூட்டிய, அதாவது அடையாள மதிப்பால் நிரப்பிய, நினைவகத்தைத் தொட்டிருக்கிறீர்கள். விடுவித்த பின் தொட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கேமேலாக்கில் வாங்கி நிரப்பாமல் விட்ட உறுப்பிலும் இதே 6பி தெரியும், அதையும் மறக்க வேண்டாம். 64 பிட் எக்ஸ்86இல் இது முறையான முகவரியே அல்ல. அதனால் பேஜ் ஃபால்ட்டுக்குப் பதிலாக "ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்" என்று வரும்.

டெட் என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரி, லிஸ்ட்_டெல் செய்து எடுத்த கணுவை மறுபடி நீக்கியதையோ அதன் வழியே நடந்ததையோ காட்டும்.

வரி எண் வேண்டுமானால் டீபக் தகவலோடு கட்டிய விஎம்லினக்ஸையும் மாட்யூலையும் வைத்துக்கொண்டு, கர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டீகோட்_ஸ்டாக்டிரேஸ் வழியாக முழுச் செய்தியையும் அனுப்புங்கள். ஒரே ஒரு வரிக்கு ஃபேடர்2லைன் போதும்.

எந்தச் செயற்கூறு நல் தரும், எது பிழைப் பாயின்டர் தரும்?

ஒரே விதி கிடையாது. அதுதான் தொல்லை.

நினைவகம் வாங்குபவை (கேமேலாக், டெவ்எம்_கேசெட்அலாக், டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட்) தோற்றால் நல் தரும். (பெயரில் டெவ்எம் என்றிருப்பவை சாதனம் போகும்போது தானாக விடுபடும்.) கிளாக், ரெகுலேட்டர், ரெக்மேப் (ரெஜிஸ்டர்களை அணுகும் வழி), ஜிபிஐஓ, டிஎம்ஏ சேனல் கேட்பவை (டெவ்எம்_கிளாக்_கெட், டெவ்எம்_ரெக்மேப்_இனிட்_ஐ2சி, டிஎம்ஏ_ரிக்வெஸ்ட்_சான் போன்றவை) பிழைப் பாயின்டர் தரும். ஒரே குடும்பத்துக்குள்ளும் மாறும். டெவ்எம்_ஐஓரீமேப் நல் தரும், டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் பிழைப் பாயின்டர் தரும். முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதைப் போடுகிறவர்கள் கீழே இருக்கும் நல் சோதனையை அப்படியே விட்டுவிடுவார்கள். -16 என்ற பிழை நல் அல்ல. சோதனையைத் தாண்டிப்போய் முதல் ரீட்எல்லில் வெடிக்கும்.

"ஆப்ஷனல்" என்று முடியும் கிளாக், ஜிபிஐஓ செயற்கூறுகள் சாதனம் இல்லையென்றால் நல் தரும், உண்மையான பிழைக்கும் ஒத்திவைப்புக்கும் பிழைப் பாயின்டர் தரும். இங்கே நல் என்பது செல்லுபடியான விடை. நல் கிளாக்கை கிளாக்_பிரிப்பேர்_எனேபிளுக்குக் கொடுத்தால் 0 திரும்பும். டெவ்எம்_ரெகுலேட்டர்_கெட்_ஆப்ஷனல் மட்டும் வேறு வழி. இல்லாத ரெகுலேட்டருக்கு நல் தராது, -19ஐப் பிழைப் பாயின்டராகத் தரும்.

ஏசாக்கில் தேடிக் கொடுப்பவை (எஸ்என்டி_எஸ்ஓசி_கார்ட்_கெட்_கோடெக்_டாய், எஸ்என்டி_எஸ்ஓசி_டாய்_கெட்_டிஎம்ஏ_டேட்டா) கிடைக்காவிட்டால் நல். டிவைஸ் ட்ரீயின் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் தரவின்) மேட்ச் டேட்டாவும் அப்படியே. அதே டிரைவர் ஏசிபிஐ வழியாகவோ ஐ2சி ஐடி வழியாகவோ பொருந்தினால் அங்கே நல்தான் இருக்கும். ஆர்ம் போர்டில் ஓடும் டிரைவர் எக்ஸ்86 மடிக்கணினியில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

குழப்பமே வேண்டாம் என்று எல்லா இடத்திலும் ஐஎஸ்_எர்_ஆர்_நல் போட்டுவிடலாமா?

வேண்டாம். நல் வந்தபோது பிடிஆர்_எர் கொடுப்பது 0. புரோப் அந்த 0ஐத் திருப்பினால் கர்னல் "வெற்றி" என்று எடுத்துக்கொள்ளும். பாதி கட்டிய டிரைவர் உயிரோடு நிற்கும், கிராஷ் பத்து நிமிடம் கழித்து வேறெங்கோ வரும். எது திரும்பும் என்று மூலத்தைத் திறந்து பார்த்து, அதற்குரிய ஒரே சோதனையைப் போடுங்கள்.

ஒவ்வொரு செயற்கூறின் தலையிலும் நல் சோதனை வைத்தால் பாதுகாப்புத்தானே?

விடுவித்த நினைவகத்தின் பாயின்டர் நல் அல்ல. ஆகவே ஆபத்தானவற்றை அந்தச் சோதனை பிடிக்காது. நல் வரவே கூடாத இடத்தில் நல் வந்தால் அதை மௌனமாக விழுங்கி, கிராஷாக வெளிப்பட்டிருக்க வேண்டிய பிழையைச் சத்தமே வராத ஒலி அட்டையாக மாற்றிவிடும். மதிப்பு பிறக்கும் இடத்தில் சோதியுங்கள், அதற்குப் பிறகு நம்புங்கள். இன்னொன்று: ஒரு ஸ்ட்ரக்ட் பாயின்டர் நல்லாக இருந்தாலும் அதன் உள் உறுப்பின் முகவரி நல்லாக இருக்காது. உறுப்பு ஸ்ட்ரக்டின் முதல் இடத்தில் இருந்தால் மட்டுமே விலக்கு. "அண்ட் சிப் லாக்" (சிப் என்ற பிரைவேட் ஸ்ட்ரக்டின் லாக் உறுப்பின் முகவரி) நல்லா என்று கேட்கும் வரிகள் வெறும் அலங்காரம்.

பட்டியலில் தேடி, கிடைக்காதபோது கிராஷ் ஆகிறது. நல் சோதனை இருக்கிறதே?

லிஸ்ட்_ஃபார்_ஈச்_என்ட்ரி முழுதாக ஓடி முடிந்தால், சுற்றும் மாறி நல் ஆகாது. பட்டியல் தலையையே ஓர் உறுப்பாக நினைத்துக் கணக்கிட்ட போலி முகவரியில் நிற்கும். படித்தால் பக்கத்து நினைவகம் வரும், எழுதினால் அது கெடும். சுற்றுக்கு வெளியே "ஃபவுண்ட்" என்று தனி மாறி வைத்து நல் கொடுங்கள், பொருந்தியதும் அதில் போட்டுவிட்டு பிரேக் செய்யுங்கள். 2022இல் கர்னல் 5.18 புதிய சி தரத்துக்கு மாறியதன் பின்னணியில் இந்தச் சிக்கலும் இருந்தது.

புரோபில் எந்த வரிசை சரி?

உங்களை யாரும் கூப்பிடக்கூடிய கதவை கடைசியில் திறங்கள். முதலில் பிரைவேட் ஸ்ட்ரக்டை வாங்குவது, லாக்குகளைத் தயார் செய்வது, டெவ்_செட்_டிரவ்டேட்டா (அந்த ஸ்ட்ரக்டைச் சாதனத்தோடு இணைப்பது). பிறகு ரெக்மேப், கிளாக், ரெகுலேட்டர். அடுத்து வன்பொருளை மீட்டமைத்து அதன் இன்டரப்ட்டுகளை மூடுவது. அதற்குப் பின்பே இன்டரப்ட் பதிவு, ரன்டைம் பிஎம் எனேபிள். எஸ்என்டி_எஸ்ஓசி_ரிஜிஸ்டர்_காம்பொனென்டும் எஸ்என்டி_கார்ட்_ரிஜிஸ்டரும் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஏசாக்கில் இது ஏன் முக்கியம்? கோடெக்குக்காகவே ஒரு கார்ட் (முழு ஒலி அட்டை) காத்திருந்தால், காம்பொனென்ட் (அதன் ஒரு பகுதி, இங்கே கோடெக்) பதிவு திரும்புவதற்குள்ளேயே கார்ட் கட்டப்பட்டு உங்கள் காம்பொனென்ட் புரோப் ஓடிவிடும். பதிவுக்குக் கீழே ஒரு வரி தள்ளி டிரவ்டேட்டா வைத்தால், கோடெக் முதலில் எழும் போர்டில் சரியாக ஓடும், கடைசியில் எழும் போர்டில் விழும்.

இன்டரப்ட்டுக்கும் இதே கதை. பகிரப்படும் லைனில் பதிவு செய்த அடுத்த கணமே பக்கத்துச் சாதனத்தின் இன்டரப்ட் உங்கள் ஹேண்ட்லரை எழுப்பும். கான்ஃபிக்_டீபக்_எஸ்ஹெச்ஐஆர்கியூ இருந்தால், பகிர்ந்த ஹேண்ட்லரின் பதிவை நீக்கும்போது கர்னலே அப்படி ஒரு போலி அழைப்பை வேண்டுமென்றே விடும். வளர்ச்சிக் கர்னலில் அதை அணைத்தே வைக்காதீர்கள்.

டெவ்எம் வகைகளைப் பயன்படுத்தினால் விடுவிக்கும் கவலை இல்லைதானே?

வரிசைக் கவலை இருக்கிறது. டெவ்எம் பொருட்கள் ரிமூவ் முடிந்த பிறகே, வாங்கியதற்குத் தலைகீழ் வரிசையில் விடுபடும். ரிமூவில் நீங்கள் கையால் கேஃப்ரீ செய்த பஃபரை, இன்னும் உயிரோடிருக்கும் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்கியூ ஹேண்ட்லர் தொடலாம். கையால் விடுவிப்பதும் டெவ்எம்மும் கலந்தால்தான் இந்த வகை கிராஷ். ஒன்று முழுக்க டெவ்எம் (தேவைப்படும் இடத்தில் டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட்), இல்லையேல் முழுக்க கை.

டைமரையும் வொர்க்கையும் (டெவ்எம்_வொர்க்_ஆட்டோகேன்சல் போட்டாலொழிய) டெவ்எம் தானாக நிறுத்தாது. கேன்சல்_வொர்க்_சிங்க், டைமர்_டிலீட்_சிங்க் இரண்டையும் நீங்கள்தான் கூப்பிட வேண்டும். டைமர் வொர்க்கையும் வொர்க் டைமரையும் மாறிமாறி எழுப்புமானால் எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது உயிர்ப்பித்துவிடும். 6.2 முதல் உள்ள டைமர்_ஷட்டவுன்_சிங்க் அதற்கானது. அதன்பின் அந்த டைமரை மறுபடி ஓட வைக்க முடியாது.

பாட்டை நிறுத்தும்போதோ மூடும்போதோ, எப்போதாவது ஒரு முறை இன்டரப்ட் ஹேண்ட்லரில் கிராஷ். திரும்ப வரவழைக்கவே முடியவில்லை.

ஒலி டிரைவரின் மிகப் பழைய நோய் இது.

இரண்டு ஆயுளைப் பிரித்துப் பாருங்கள். சப்ஸ்ட்ரீம் (ஓர் ஒலி ஓட்டம்) என்ற பொருள் பிசிஎம் (ஒலியை இசைக்கும், பதிவுசெய்யும் ஆல்சா சாதனம்) இருக்கும்வரை இருக்கும். அதன் ரன்டைம் ஓபனில் பிறந்து குளோஸில் சாகிறது. ரன்டைமின் பிரைவேட்_டேட்டாவும் வழக்கமாக அப்படியே. ஹேண்ட்லர் "சிப்பிலிருந்து சப்ஸ்ட்ரீம், அதிலிருந்து ரன்டைம், அதிலிருந்து என் தரவு" என்று நடந்தால், குளோஸ் முடிந்த கணத்தில் நடுப்படி நல் ஆகிவிடும்.

டிரிகர் (ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் வரும் கால்பேக்) ஸ்டாப் இதைத் தடுக்காது. டிரிகர் வழக்கமாக ஸ்ட்ரீம் லாக்கின் கீழ், தூங்க முடியாத சூழலில் ஓடுகிறது. வேறொரு சிபியூவில் பாதி ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லருக்காக அங்கே காத்திருக்க இயலாது. வன்பொருளில் பிட்டை அணைப்பது இனி வரும் இன்டரப்ட்டை நிறுத்தும். ஏற்கெனவே வந்ததை நிறுத்தாது.

காத்திருக்க வேண்டிய இடம் சிங்க்_ஸ்டாப் கால்பேக். நின்ற ஸ்ட்ரீமுக்கு மறுபடி பிரிப்பேர், ஹெச்டபிள்யூ_பராம்ஸ், ஹெச்டபிள்யூ_ஃப்ரீ வருவதற்கு முன் பிசிஎம் கோர் அதைக் கூப்பிடும், அங்கே தூங்கலாம். உங்களுக்குத் தேவை சிங்க்ரனைஸ்_ஐஆர்கியூ மட்டும்தான் என்றால் கால்பேக் எழுதவே வேண்டாம். கார்டின் சிங்க்_ஐஆர்கியூ உறுப்பில் இன்டரப்ட் எண்ணைப் போட்டால் கோர் பார்த்துக்கொள்ளும். ஃப்ரீ_ஐஆர்கியூ செய்ததும் அதை -1 ஆக்குங்கள்.

அடுத்த சிக்கல் லாக். டிரிகர் ஸ்ட்ரீம் லாக்கைப் பிடித்த நிலையில் சிப் லாக்கைக் கேட்கிறது. ஹேண்ட்லர் சிப் லாக்கைப் பிடித்தபடி பீரியட்_எலாப்ஸ்டை (பஃபரின் ஒரு பகுதி முடிந்தது என்று கோருக்குச் சொல்லும் அழைப்பு) கூப்பிட்டால், அது ஸ்ட்ரீம் லாக்கைக் கேட்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து உறையும். அதைத் தவிர்க்க எல்லோரும் அந்த அழைப்புக்கு முன் சிப் லாக்கை விடுவிக்கிறார்கள். சரியான வழிதான். ஆனால் லாக்கை விட்ட பிறகு சிப்பிலிருந்து சப்ஸ்ட்ரீம் பாயின்டரை மறுபடி படிக்கக் கூடாது. லாக்குக்குள் ஒரே முறை உள்ளூர் மாறியில் எடுத்து, நல்லா என்று அங்கேயே பார்த்து, பிறகு அந்த மாறியை மட்டும் பயன்படுத்துங்கள்.

பிசிஐ அட்டையில் இன்னொரு வழி உண்டு. சாதனம் உறங்கினாலோ பிடுங்கப்பட்டாலோ ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பும். ஹேண்ட்லர் அதை "எட்டு ஸ்ட்ரீமிலும் பீரியட் முடிந்தது" என்று படித்து, திறக்கப்படாத ஸ்ட்ரீம்களையும் எழுப்பப் போகும். 32 பிட்டும் 1 என்றால் "என்னுடையதல்ல" என்று திரும்பிவிடுங்கள்.

ஹெச்டபிள்யூ_ஃப்ரீயில் இரட்டை விடுவிப்பு. ஒரு முறைதானே கூப்பிடப்படும்?

இல்லை. ஹெச்டபிள்யூ_பராம்ஸ், பிரிப்பேர், ஹெச்டபிள்யூ_ஃப்ரீ மூன்றுமே ஒரு ஓபனுக்குள் பலமுறை வரலாம். விடுவித்ததும் பாயின்டரை நல் ஆக்குவது இங்கே கட்டாயம். பஃபரை நீங்களே கையாளாமல் எஸ்என்டி_பிசிஎம்_செட்_மேனேஜ்டு_பஃபர்_ஆல் கொடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

பிசிஎம் கோர்கூட இதில் தவறியிருக்கிறது. ஒரே ஸ்ட்ரீமில் இரண்டு நூலிழைகள் ஹெச்டபிள்யூ_பராம்ஸையும் ஹெச்டபிள்யூ_ஃப்ரீயையும் ஒரே நேரத்தில் ஓட்டி, விடுவித்த பஃபரைத் தொடவைக்க முடிந்தது. அது சிவிஇ-2022-1048 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்கான பொது எண்). ரன்டைமுக்குள் பஃபர்_மியூடெக்ஸ் வந்தது அதற்கான தீர்வாகத்தான். பழைய நிலையான கிளையில் வேலை செய்தால் அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிழைப் பாதையில் நானே விடுவித்ததும் கிராஷ் ஏன்?

உரிமை கைமாறிய பிறகு விடுவித்திருப்பீர்கள். எஸ்என்டி_சிடிஎல்_ஆட் தோற்றால் அந்தக் கன்ட்ரோலை அதுவே விடுவித்துவிடும். பின்னால் நீங்கள் எஸ்என்டி_சிடிஎல்_ஃப்ரீ_ஒன் கூப்பிட்டால் இரட்டை விடுவிப்பு, பிழைச் செய்தியில் அதன் பெயரை அச்சிட்டாலே செத்த நினைவகம்.

சிவிஇ-2016-2384 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். யூஎஸ்பி மிடி டிரைவரில் ராமிடி (மிடி தரவுக்கான ஆல்சா பொருள்) பதிவான பிறகு பிழை வந்தால், உருவாக்கும் செயற்கூறு யூமிடி பொருளைத் தானே விடுவித்தது, ராமிடி கலையும்போது அதன் பிரைவேட்_ஃப்ரீயும் அதையே விடுவித்தது. தாறுமாறான டிஸ்கிரிப்டர் (சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரம்) உள்ள யூஎஸ்பி சாதனத்தைச் செருகினால் போதும். திருத்தம் அந்தக் கூடுதல் விடுவிப்பை எடுத்ததுதான். ஒரு பொருளுக்கு டிஸ்ட்ரக்டர் பதிவான வரியில் மூலத்தில் குறிப்பெழுதுங்கள். அதற்குக் கீழே கேஃப்ரீ வரக்கூடாது, எஸ்என்டி_கார்ட்_ஃப்ரீ மட்டும்.

பாட்டு ஓடும்போது யூஎஸ்பி ஒலி அட்டையைப் பிடுங்கினால்?

ஃபைல் திறந்தே இருக்கிறது, வன்பொருள் போய்விட்டது. டிஸ்கனெக்ட் கால்பேக்கில் முதலில் "மூடுகிறோம்" என்ற கொடியை உயர்த்துங்கள், எஸ்என்டி_கார்ட்_டிஸ்கனெக்ட் கூப்பிடுங்கள் (அது திறந்திருக்கும் ஃபைல்களின் செயல்களை வெற்றுச் செயல்களாக மாற்றிவிடும்), பறந்துகொண்டிருக்கும் யூஆர்பிகளை (யூஎஸ்பி தரவுக் கோரிக்கைகளை) யூஎஸ்பி_கில்_யூஆர்பியால் நிறுத்துங்கள், கடைசியில் எஸ்என்டி_கார்ட்_ஃப்ரீ_வென்_குளோஸ்டு. சிப் ஸ்ட்ரக்டைக் கையால் விடுவிக்காதீர்கள். கார்டின் பிரைவேட்_ஃப்ரீயில் வையுங்கள். கடைசி ஃபைல் மூடும்வரை அது வாழ வேண்டும்.

யூஎஸ்பி டிஸ்கிரிப்டரை நம்பலாமா?

கூடாது. அது வெளியாள் எழுதிய தரவு. ஒவ்வொரு உறுப்பையும் படிக்குமுன் பிலெங்த் (டிஸ்கிரிப்டர் சொல்லும் தன் நீளம்) அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை உறுப்பு (உள்ளீட்டுப் பின்கள் போன்றவை) சொல்லும் அளவு மீதமுள்ள நீளத்துக்குள் அடங்குகிறதா என்று தனியாகப் பாருங்கள். சிவிஇ-2019-15117 குட்டையான மிக்ஸர் யூனிட் டிஸ்கிரிப்டரால் எல்லை தாண்டிப் படித்தது. அதே ஆண்டின் 15118, யூனிட்கள் ஒன்றையொன்று சுட்டும்போது முடிவில்லாமல் தன்னையே அழைத்து ஸ்டாக்கைத் தின்றது. அதனால் பார்த்த யூனிட்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் தேவை.

கன்ட்ரோலின் கெட், புட் கால்பேக்கில் குப்பைப் பாயின்டர் வருகிறது.

எஸ்என்டி_கேகன்ட்ரோல்_சிப் வாய்ட் பாயின்டரைத் தருகிறது. எந்த வகைக்கு மாற்றினாலும் கம்பைலர் முணுமுணுக்காது. காம்பொனென்டில் பதிந்த கன்ட்ரோலுக்கு அது காம்பொனென்ட், கார்டில் பதிந்ததற்குக் கார்ட், டாபம் (ஏசாக்கின் மின்சேமிப்புப் பகுதி) கன்ட்ரோலுக்கு டாபமின் உள் தரவு. கோடெக் டிரைவரிலிருந்து ஒரு கன்ட்ரோலை மெஷின் டிரைவருக்கு (போர்டின் பகுதிகளை இணைப்பது) நகலெடுத்து ஒட்டினால் இதுதான் நடக்கும். அந்தந்த இடத்துக்கென உள்ள உதவிச் செயற்கூறைப் பயன்படுத்துங்கள்.

புட்டில் பயனர் அனுப்பிய "எனும்" (பட்டியல் வகை) எண்ணை வரிசையின் குறியீடாகப் போடுமுன் உறுப்புகளின் எண்ணிக்கைக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலை. அந்த எண் குறியற்றது, ஆனால் இன்டிஜர் கன்ட்ரோலில் எதிர்ம எண்களும் வரும். டிவைஸ் அடையாளப் பட்டியல்களின் கடைசியில் காலி உறுப்பு இருக்கிறதா என்பதையும் போகிறபோக்கில் பாருங்கள்.

லாகில் "இன்வேலிட் பொசிஷன்" என்று வருகிறது. இதுவும் பாயின்டர் பிழையா?

அது பிசிஎம்மின் பாயின்டர் கால்பேக், நினைவக முகவரி அல்ல. திருப்பிய இடம் பஃபர் அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ போயிருக்கிறது. கோர் அதை 0 என்று வைத்துக்கொள்ளும், கிராஷ் ஆகாது. பைட்டுகளை ஃபிரேம்களாக மாற்ற மறந்திருப்பீர்கள், அல்லது டிஎம்ஏ எஞ்சின் பஃபரின் இறுதியில் முழு அளவையே சொல்லியிருக்கும். பின்னதற்கு 0 என்று சுற்றிவிடுங்கள்.

சோதனைக் கர்னலை எப்படி அமைப்பது?

கேசான் (தவறான நினைவகத் தொடுதலைப் பிடிப்பது), புரூவ்_லாக்கிங் (லாக் வரிசைப் பிழையைப் பிடிப்பது), டீபக்_எஸ்ஹெச்ஐஆர்கியூ, எஸ்என்டி_டீபக், ஃபெயில்ஸ்லப் (ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கவைப்பது) ஆகியவற்றைச் சேருங்கள். பொதுவகைக் கேசான் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை நிழலுக்கு எடுத்துக்கொள்ளும். 512 எம்பி போர்டில் இடிக்கும், அப்போது ஸ்லப்_டீபக் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். டீபக்_டெஸ்ட்_டிரைவர்_ரிமூவ் ஒவ்வொரு டிரைவரையும் புரோப், ரிமூவ், மறுபடி புரோப் என்று ஓட்டும். போர்டே எழாமல் போகக்கூடும் என்பதால் தனிக் கட்டுமானத்தில் வையுங்கள்.

பிறகு ஏபிளேயை (ஆல்சாவில் ஒலியை இசைக்கும் கட்டளை) சுற்றில் ஓடவிட்டு, இன்னொரு ஷெல்லிலிருந்து டிரைவரின் அன்பைண்ட் ஃபைலில் சாதனப் பெயரை எழுதுங்கள், மறுபடி பைண்ட் செய்யுங்கள். சில நூறு சுற்று. ஓடும்போது சஸ்பெண்டும் போடுங்கள். பிழைப் பாதைகளுக்கு ஃபெயில்-என்த் இருக்கிறது. 1 முதல் ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு நினைவக ஒதுக்கீட்டையும் ஒருமுறை தோற்கவைத்து மாட்யூலை ஏற்றுங்கள். நாம் கையால் ஒருபோதும் ஓட்டாத வரிகள் அங்கேதான் இருக்கின்றன.

வாடிக்கையாளர் கையில் உள்ள சாதனத்தில் கேசான் ஓட்ட முடியாதே?

கேஃபென்ஸ் (மாதிரி எடுத்துப் பார்க்கும் இலகுவான பிழைபிடிப்பான்) ஓட்டலாம். 5.12இல் வந்தது. இயல்பு அமைப்பில் 255 பொருட்களுக்கான சுமார் 2 எம்பி குளமும், 100 மில்லிநொடிக்கு ஒரு மாதிரியும். வேகக் குறைவு தெரியாது. ஒரு சாதனத்தில் பிடிபடாத பிழை பல்லாயிரம் சாதனங்களில் எங்கோ ஒன்றில் பிடிபடும், வாங்கிய இடம், விடுவித்த இடம் இரண்டின் ஸ்டாக்கோடும். அந்த அறிக்கை வந்துசேர வழி வேண்டும். பிஸ்டோர் (கிராஷ் லாகைச் சேமிக்கும் கர்னல் வசதி) வழியாக ராமூப்ஸுக்கு நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கிவையுங்கள், ரீபூட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம்.